விடையை மூடும் அட்டை

கல்யாணப் பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு துண்டு அட்டை. அதை வைத்து விடையை மூடிவிட்டுத்தான் கௌசர் டீச்சர் கணக்குத்தாளைப் படிக்கவே ஆரம்பிக்கிறார். "விடை கண்ணுல பட்டுச்சுன்னா கை தானா மார்க் போட்டுக்கினு போயிடுதுங்க. மொதல்ல புள்ள இன்னா யோசிச்சுதுன்னு பாக்கணும்."

பெரிய காஞ்சிபுரத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார். செவிலிமேட்டிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, சாக்பீஸ் இருக்கும். பேச ஆரம்பித்தால் எதிரிலிருக்கும் டீ ஆடை கட்டிவிடும். இந்தப் பருவத்தில் தான் கொண்டுவந்த திருத்தும் முறையைப் பற்றிப் பேசினாலோ டீயையே மறந்துவிடுவார். பத்து மார்க்கில் எட்டு, வழிமுறைக்கு. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் 'ஏன்' என்பதைப் பிள்ளைகள் எழுத வேண்டும். விடைக்கு இரண்டே இரண்டு. நான் படித்த காலத்தில் இவர் வந்திருந்தால் கணக்கில் பாஸாகியிருப்பேன். அந்த வயிற்றெரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன்.

தலைமையாசிரியர் சாமுவேல் ஒரே ஒரு தேர்வுக்குத்தான் அனுமதி கொடுத்திருந்தார். பெற்றோர் கூட்டத்தில் எதிர்ப்பு கிளம்பினால் மறுபடி பழைய முறைதான். "ஒத்துக்குவாங்க, பாருங்களேன்" என்று கூட்டத்தைப் பார்க்கப் போயிருந்த என்னிடம் அன்று காலை டீச்சர் நூறு தடவை சொன்னார். அதிலேயே பயம் தெரிந்தது.

கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்தவர் நெசவாளர் ஜெயக்குமார். கையில் மகள் சங்கீதாவின் தாள்.

"இன்னாமா இது? நாலு வரணுமாம், மூணுன்னு எழுதிக்கீறா. தப்புன்னு நீங்களே சுழிச்சுட்டு எட்டு மார்க் போட்டுக்கீறீங்க. பப்ளிக் பரீட்சைல இப்படிப் போடுவாங்களா?"

சாமுவேல் தொண்டையைச் செருமினார். டீச்சர் அட்டையை ஜெயக்குமாரிடமே நீட்டினார். "விடைய மூடிக்கோங்கண்ணா. மேல இருந்து படிங்க."

தறியில் ஏற்றிய 22 மீட்டர் பாவு நூலில் 5.5 மீட்டர் நீளப் புடவைகள் எத்தனை நெய்யலாம் என்பது கேள்வி. சங்கீதா முதல் வரியிலேயே 5.5உடன் 0.8ஐக் கூட்டியிருந்தாள். 'ஏன்' பகுதியில் எழுதியிருந்தது: "ரவிக்கைத் துணி." கேட்காததைச் சேர்த்துவிட்டாளே என்றுதான் டீச்சர் விடையைச் சுழித்திருந்தார்.

ஜெயக்குமார் உதடு அசையப் படித்தார். நெற்றி சுருங்கியது. மறுபடியும் படித்தார்.

"இருமா... ரவிக்கையோட சேத்தா சேலைக்கு ஆறு முப்பது. இருபத்திரெண்டுல மூணுதானே வரும்! ரவிக்கை இல்லாம இந்த ஊருல எவன்மா சேல நெய்யறான்? நாலுன்னு போட்டது யாரு?"

"நான்தாண்ணா" என்றார் டீச்சர். அந்தக் குரலில் வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். எனக்கு விசிலடிக்கலாம் போலிருந்தது. "அடுத்த பரீட்சைக்கும் இதே முறை இருக்கட்டும் டீச்சர்" என்று சிரிப்புக்கு நடுவே சொல்லிவிட்டார் சாமுவேல்.

ஜெயக்குமார் விடுவதாக இல்லை. மேசைமேல் கிடந்த டீச்சரின் விடைக்குறிப்பைத் தன் பக்கம் இழுத்தார். அதிலிருந்த நாலின் மேல் அட்டையை வைத்து மூடினார்.

"இப்ப உங்க ஸ்டெப்ப சொல்லுங்கமா."