உருண்டைக் கண் பல்லியும் சங்கரலிங்கம் சாரும்

சங்கரலிங்கம் சார் போயிட்டார்.

இன்னிக்குக் காலைல அவர் நம்பருக்குக் கூப்பிட்டேன். "ஜூலைக்கு டிக்கெட் போட்டாச்சு சார், இந்த வாட்டி நிஜமாவே போறோம்"னு சொல்லத்தான்... மகள் எடுத்தாள். "அக்கா, அப்பா தூக்கத்துலயே..."

யார்னு கேப்பீங்க. இங்க டெல்லியில ஒரு அமைச்சகத்துல செக்‌ஷன் ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவர். திருநெல்வேலிக்காரர்.

தெற்கே ஒரே ஒரு மலையில மட்டும் மிச்சமிருக்குற ஒரு பல்லி. கட்டைவிரல் நீளம்தான். அதுக்குப் பாதுகாப்பு கேட்டு எங்க சின்ன அமைப்பு மனு கொடுத்தது. அந்த ஃபைல் சார் மேஜைக்குப் போச்சு.

"பல்லிக்குப் பாதுகாப்பா? எங்க வீட்ல வந்து அள்ளிட்டுப் போங்க"ன்னு எல்லா சீட்லயும் சிரிச்சாங்க. சாரும் சிரிச்சார். ஆனா அவர் ஒருத்தர்தான் ஃபைலைப் படிச்சுட்டுச் சிரிச்சார்.

ஜனவரிக் குளிர் அப்ப. டெல்லிப் பல்லியெல்லாம் சுவருக்குள்ள பதுங்கியிருக்குற நேரம். "பாப்போம்மா, ஃபைல் நகரும்"னு சார் சொல்லிட்டிருக்கும்போதே, மலையில பதிவு பண்ணின எங்க பல்லியோட சத்தத்தை ஃபோன்ல போட்டேன்.

சட்டுனு சுவரைப் பார்த்தார். விரலால மேஜையை மூணு தட்டு. "பல்லியே சொல்லிட்டுல்லா, இனி நடக்கும்."

எதிர் சீட்டுக்காரர் என்னாச்சுன்னு புரியாம "க்யா ஹுவா ஜி?"ன்னு முழிச்சார். நான் சிரிச்ச சிரிப்பு இருக்கே...

அடுத்த தடவை போனப்ப என் மானம் போச்சு. மனுவோட நான் வெச்சிருந்த போட்டோ தப்பு.

"ஏம்மா, இது டியூப்லைட் பல்லில்லா? கண்ணு கீத்து மாரி இருக்கு. நம்ம பல்லிக்கு உருண்டைக் கண்ணுன்னு நீதான எழுதியிருக்க?"

பல்லியிலேயே பிஎச்டி வாங்கினவள் நான். அதை ஒரு தடவைகூடப் பார்க்காதவர் அவர். அந்தப் போட்டோவோட ஃபைல் மேல போயிருந்தா அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும்.

ஃபைல் பாஸ் ஆச்சு. சார் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "உசுரோட ஒருக்கா காட்டிரு, தாயி."

"அடுத்த மழைக்கு சார்"னேன். என் ஃபீல்டு வேலை, அவர் முட்டி வலி, யாரோ கல்யாணம்... நாலு மழை போச்சு. ஒரு தடவைகூடக் கோவிச்சுக்கல. "அச்சா, பல்லி எங்க போயிரப் போவுது"ம்பார். கோவிச்சிருக்கலாம் சார். போயே ஆகணும்னு என்னை உலுக்கியிருக்கலாம்.

சாயங்காலம் லக்ஷ்மிபாய் நகர்ல மகளோட குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவர் ஃபோனை எடுத்துக் காட்டினாள்.

"உங்க நம்பருக்கு மட்டும் அந்தப் பல்லி சத்தம்தான் அக்கா ரிங்டோன். காலைல நீங்க கூப்பிட்டப்ப, அம்மா அழுதுட்டே தரையைத் தட்டினாங்க."

அந்த அம்மா கையைப் போய்ப் பிடிச்சுக்கிட்டேன்.

டிக்கெட்டைக் கேன்சல் பண்ணல சார். ஜன்னல் சீட் உங்களோடதுதான்.

மலையேறி நம்ம பல்லியைப் பார்த்த உடனே உங்க நம்பருக்குக் கூப்பிடுவேன்.

ஃபோனை ஆஃப் பண்ணிட வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்.