டெல்மர் வெளியே நின்றால் ஜெயிப்போம்

என் தங்கை நோரீனின் கணவன் டெல்மர் பிகெட் தங்கமான மனுஷன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். வண்டி நிறைய வானரங்களை ஏற்றிக்கொண்டு போனாலும் ஒரு பிள்ளையை அதட்டியதில்லை. குடி கிடையாது, கடன் கிடையாது, மாமனார் வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொன்னது கிடையாது. அவனிடம் இருப்பது ஒரே ஒரு குறை. அவன் பார்த்தால் எங்கள் அணி தோற்றுவிடும்.

இதை மூடநம்பிக்கை என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அதெல்லாம் கிடையாது. கறுப்புப் பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்துகிற ஆள் இல்லை நான். ஆனால் கண்ணால் கண்டதை இல்லை என்று எப்படிச் சொல்வது?

அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் நடந்தது இது. ஒரு சனிக்கிழமை, அப்பா வீட்டுக் கூடத்தில் எல்லோரும் டிவி முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து; எங்கள் அணியான பிராக்ஸ்டன் கல்லூரி இரண்டு புள்ளி பின்னால். கடைசி உதை. பந்து இரண்டு கம்பத்துக்கும் நடுவில் போனால் வெற்றி எங்களுக்கு. சரியாக அந்த நேரம் பார்த்து டெல்மர் ஒரு கிண்ணம் நிறைய உருக்கிய சீஸைத் தூக்கிக்கொண்டு, "சிப்ஸ் யாருக்கு வேணும்?" என்று கேட்டபடி உள்ளே வந்தான். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அப்பா அதற்குப் பிறகு டிவியைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு தடவை நடந்ததை வைத்து ஒருவன் மேல் பழி போடுகிற குடும்பம் இல்லை எங்களுடையது. அடுத்த வாரம் அவனைக் கொல்லைப்புற ஷெட்டில் உட்கார வைத்தோம், ஜெயித்தோம். அதற்கடுத்த வாரம் வேண்டுமென்றே உள்ளே கூப்பிட்டோம், தோற்றோம். விஞ்ஞானிகள்கூட இதற்குமேல் சோதிக்க மாட்டார்கள். அவன் ஷெட்டில் இருந்தபோதும் சில ஆட்டங்கள் தோற்றதுண்டு. அது பயிற்சியாளரின் குற்றம்.

அன்றிலிருந்து ஆட்டம் நடக்கிற சனிக்கிழமையெல்லாம் டெல்மருக்கு ஷெட்தான். அங்கே அவன் புல்வெட்டும் இயந்திரத்தை அக்கக்காகக் கழற்றி மறுபடி மாட்டுவான். வீட்டுக்குள்ளிருந்து வருகிற சத்தத்தை வைத்தே யார் முன்னால், யார் பின்னால் என்று கண்டுபிடித்துவிடுவான். மைதானத்துக்குக் குடும்பத்தோடு போனாலும் வண்டி நிறுத்துமிடத்தில், கறி சுட நாங்கள் கொண்டுபோகிற அடுப்புக்குக் காவல் அவன். நாங்கள் ஜெயித்துத் திரும்பும்போது கறி பதமாக வெந்திருக்கும். அவன் எங்களை நம்பித்தான் ஒதுங்கி இருந்தானா, எங்களோடு மல்லுக்கட்ட முடியாமல் இருந்தானா என்று நான் கேட்டதில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருப்பதை எதற்குக் கிளற வேண்டும்?

இப்படி இருக்கையில் அவன் மகன் ட்ராவிஸ் பிராக்ஸ்டன் அணியிலேயே சேர்ந்தான். உதவித்தொகை வாங்கிச் சேர்ந்த நட்சத்திரம் இல்லை. தானாகப் போய் வாசலில் நின்று, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுச் சேர்ந்தவன். நாலு வருஷமாகப் பயிற்சியில் எல்லோரிடமும் மிதிபடுவான், ஆட்டத்தன்று பெஞ்சில் உட்காருவான். ஒரு நிமிஷம்கூட இறங்கி ஆடியதில்லை. இந்த நவம்பரோடு எல்லாம் முடிகிறது. மிச்சம் இருந்தவை இரண்டே ஆட்டம். கடைசி ஆட்டம் எங்கள் ஊரில், ஆனால் எதிரணி எங்களை நசுக்கிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தையது டென்னசியில், செம்பருந்துகள் என்கிற அணியோடு. அவர்கள் இந்த வருஷம் நோஞ்சான்கள். பெரிய வித்தியாசத்தில் முன்னால் போய்விட்டால் கடைசி வருஷப் பையன்களை இறக்குகிறேன் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார்.

அந்தச் செய்தி வந்த அன்று டெல்மர் என் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"மச்சான், இந்த ஒரு தடவை நானும் உள்ள வந்து உக்காரணும். பையன் மைதானத்துல கால் வைக்கிறத ஒரே ஒரு தடவை பாக்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

"மாப்ள, நீ பாக்கணும்னா அவன் இறங்கணும். அவன் இறங்கணும்னா நாம பெருசா ஜெயிக்கணும். நாம ஜெயிக்கணும்னா..." என்று இழுத்தேன்.

"தெரியும். இருந்தாலும் கேக்கறேன்."

மறுத்திருப்பேன். ஆனால் எங்கள் குடும்பம் இப்படிப் போவது என்னுடைய கேம்பர் வேனில். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து நான் ஓட்டுவதில்லை. நோரீன் நெடுஞ்சாலையில் லாரியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்வாள். ஓட்டுகிறவனை விட்டுவிட்டுப் போக வழியில்லை. சரி என்றோம்.

சனிக்கிழமை விடியும்போதே கிளம்பினோம். டெல்மர், நோரீன், அவர்கள் மகள் கெல்சி, நான். நோரீன் ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தாள். செப்டம்பரில் முதல் ஆட்டம் ஜெயித்ததிலிருந்து துவைக்காத சட்டை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டோம். அலபாமா எல்லைக்குள் எப்போதும் நிற்கிற பெட்ரோல் பங்கில் நின்று, எப்போதும் வாங்குகிற பொரித்த கோழியை வாங்கினோம். சகிக்காது அந்தக் கோழி. ஆனாலும் போன வருஷம் அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஜெயித்தோம்.

மாநில எல்லையைத் தாண்டும்போது எல்லோரும் இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்க வேண்டும். அது எங்கள் வழக்கம். மூன்று பேர் தூக்கினோம்.

"என்னங்க, நீங்க தூக்கவேயில்ல," என்றாள் நோரீன்.

"தூக்கினா ப்ரேக்க யாரு மிதிக்கிறது?"

"ஒரு காலையாவது தூக்கியிருக்கலாம்ல? ரெண்டு கால் எதுக்கு ஓட்டறதுக்கு?"

"அம்மா, அவர் உயிரோட கொண்டுபோய்ச் சேக்கட்டும்," என்றாள் கெல்சி. பதினாறு வயசு, வாய் அதிகம். "இதெல்லாம் பாத்துத்தான் பந்து போகுதா? அந்தப் பசங்களுக்கு நம்ம வேன் எங்க வருதுன்னே தெரியாது."

"இப்படிப் பேசித்தான் போன நவம்பர்ல தோத்தோம்," என்றேன் நான். அதற்குப் பிறகு அவள் காதில் பாட்டு மாட்டிக்கொண்டாள்.

டெல்மர் வழி நெடுகச் சிரித்த முகமாகவே ஓட்டினான். சட்டைப் பையில் இருந்த டிக்கெட்டை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டான். எங்கே நிறுத்தினாலும் யாராவது பிராக்ஸ்டன் தொப்பி போட்டவர் எதிர்ப்பட்டால், "என் பையன் டீம்ல இருக்கான். நாப்பத்தேழாம் நம்பர்," என்றான். அவர்கள் நாற்பத்தேழை யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்படியா, சந்தோஷம்," என்று நகர்ந்தார்கள்.

மைதானத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒதுக்கியிருந்த மூலையில் உட்கார்ந்தோம். எங்கள் அணிக்குக் கோவேறு கழுதைகள் என்று பெயர். ஆட்டம் தொடங்கும்போது எல்லோரும் எழுந்து கழுதை மாதிரி கத்த வேண்டும். எனக்கு முன் வரிசையில் எங்கள் ஊர் பல் டாக்டர் கண்ணை மூடி உருகிக் கத்தினார். டெல்மர் மட்டும் கத்தவில்லை. பெஞ்சில் நாற்பத்தேழைத் தேடிப் பிடித்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் அணிப் பையன் ஒருவன் பிடித்த முதல் பந்தையே நழுவவிட்டான். செம்பருந்துகளுக்கு ஏழு. அடுத்த தடவை எங்கள் ஆள் எறிந்த பந்து அவர்கள் கையில் போய் உட்கார்ந்தது. பதினாலு.

யாரும் டெல்மரைப் பார்க்கவில்லை. ஆனால் பார்க்காமல் இருப்பதிலும் ஒரு தினுசு இருக்கிறது. பல் டாக்டர் திரும்பி என்னிடம், "இவர் வழக்கமா வர்றவரா?" என்று கேட்டார். இல்லை, முதல் தடவை என்றேன். அவர் பெருமூச்சு விட்டுத் திரும்பிக்கொண்டார்.

"என்னங்க, உங்களுக்குப் பசிக்கல?" என்றாள் நோரீன்.

"இல்லயே."

"கெல்சிக்குப் பசிக்குது. வேர்க்கடலை வாங்கிட்டு வாங்களேன்."

"எனக்குப் பசிக்கல," என்றாள் கெல்சி.

"உனக்குப் பசிக்குது."

டெல்மர் எழுந்து போனான். அவன் படியிறங்கி மறைந்த உடனேயே எங்கள் பையன் ஒருவன் பந்தோடு மைதானத்தின் நீளத்துக்கு ஓடிக் கோட்டைத் தாண்டினான். கழுதைகள் கத்தின. கையில் சூடான கடலையோடு டெல்மர் திரும்பி வந்து உட்கார்ந்தான், அடுத்த பந்து கை மாறிப்போனது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? நான் பக்கத்தில் குனிந்து சொன்னேன்.

"மாப்ள, பையன் இறங்கணும்னு உனக்கு ஆசைதானே?"

அவன் கடலைப் பொட்டலத்தைக் கெல்சியிடம் கொடுத்தான். "புரியுது மச்சான்," என்றான். போய்விட்டான்.

இடைவேளைக்குள் நாங்கள் முன்னால் போய்விட்டோம். நான் கொஞ்சம் கறி ரொட்டி வாங்கிக்கொண்டு அவனைத் தேடிப் போனேன். படிக்கட்டுகளுக்கு அடியில், கடலைக் கடைக்குப் பின்னால், கான்கிரீட் தூணில் சாய்ந்து நின்றிருந்தான். அங்கிருந்து பார்த்தால் கழிப்பறை வரிசை தெரியும், வேறொன்றும் தெரியாது.

"இருபத்தொண்ணு பதினாலா?" என்று கேட்டான்.

"எப்படித் தெரியும்?"

"மேல மிதிக்கிற சத்தம் நம்ம பக்கம்தான் இருக்கு." ரொட்டியை வாங்கிக்கொண்டான். "பையன் என்ன பண்றான்?"

"உக்காந்திருக்கான்."

"முதுகு நேரா இருக்கா? குறுகிப்போய் உக்காந்திருக்கானா?"

நான் கவனித்திருக்கவில்லை. நேராக இருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

பிற்பகுதி முழுக்க எங்கள் ராஜ்ஜியம். கடைசிக் கட்டத்தில் நாற்பத்திரண்டு பதினாலு. பயிற்சியாளர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார். நாற்பத்தேழு எழுந்து தலைக்கவசத்தை மாட்டியது. நோரீன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கெல்சி அப்படியே படிகளில் பாய்ந்தாள்.

"அப்பாவ கூட்டிட்டு வரேன்."

"அண்ணா, அவ பின்னாலயே போ," என்று நோரீன் என் கையைப் பிடித்தாள். "அவர உள்ள விட்டுடாத. இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு."

நான் என் முழங்காலோடு இறங்கிப் போவதற்குள் கெல்சி அவனை மைதானத்துக்குள் திறக்கிற வாசல் வரை இழுத்து வந்துவிட்டாள். இன்னும் பத்தடி எடுத்து வைத்தால் மொத்த மைதானமும் தெரியும். தடுக்க வேண்டிய வேலையே எனக்கு வைக்கவில்லை. டெல்மர் தானாகவே நின்றுவிட்டான்.

"வாங்கப்பா. இறங்கிட்டான். ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடுங்க."

"வேண்டாம்மா."

"இருபத்தெட்டு பாயிண்ட் முன்னால இருக்கோம். நீங்க பாத்தா என்ன ஆகும்?"

"தோக்க மாட்டோம், தெரியும். அவன் கையில பந்து வந்து நழுவிடுச்சுன்னா? இத்தனை வருஷம் காத்திருந்து அதுதான் மிஞ்சும்." அவன் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். "நீ பாத்துச் சொல்லு."

அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, அவன் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"வரிசையில நிக்கறான். குனியறான். பந்து போயிடுச்சு. ஒரு தடியன் வரான், அண்ணன் அவன மறிச்சுட்டான். விழுந்துட்டான்ப்பா."

"யாரு விழுந்தது?"

"ரெண்டு பேரும். அண்ணன் எழுந்துட்டான். கையில மண்ணத் தட்டறான்."

"நொண்டறானா?"

"இல்ல. சிரிக்கறான்."

டெல்மரும் சிரித்தான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கழிப்பறை வரிசைப் பக்கம் திரும்பி நின்றபடி சிரித்தான். இதை மறைக்க மாட்டேன். அந்த நேரத்தில் அவனைப் பிடித்துத் திருப்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் இன்னும் மூன்று நிமிஷம் பாக்கி இருந்தது.

ஆட்டம் முடிந்து அணியின் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனோம். ட்ராவிஸ் வந்தான். சட்டையின் ஒரு பக்கம் முழுக்கப் பச்சைக் கறை. அப்பாவைத்தான் முதலில் கட்டிக்கொண்டான்.

"பாத்தீங்களாப்பா?"

"கெல்சி ஒண்ணு விடாம சொன்னா. அந்தத் தடியன நல்லா மறிச்ச."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பதினாலு ஜீரோ வரைக்கும் உள்ள இருந்தேன். அப்புறம் கடலைக் கடைக்குப் பின்னால."

ட்ராவிஸ் முகம் மாறியது. பையனுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது என்று நினைத்தேன். அவன் எங்கள் குடும்பத்துப் பையன் என்பது எனக்கு மறந்துவிட்டது.

"நீங்க போனப்புறம்தான் நாப்பத்திரண்டு வந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ஆமா."

அவன் காலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றான். பஸ்ஸிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"அப்பா, அடுத்த சனிக்கிழமை நம்ம ஊர்ல கடைசி ஆட்டம். ஆட்டத்துக்கு முன்னால கடைசி வருஷப் பசங்கள ஒவ்வொருத்தரா மைதானத்து நடுவுக்குக் கூப்பிடுவாங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் கையப் பிடிச்சு நடந்து வரணும். பேரு சொல்லிக் கைதட்டுவாங்க." அவன் என்னைப் பார்த்தான். "ராய்ஸ் மாமா வந்தாக்கூடப் போதும். தப்பா நினைக்காதீங்கப்பா. அந்த டீம நாம ஜெயிச்சதே இல்ல."

நோரீன் தரையைப் பார்த்தாள். கெல்சி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், டெல்மர் அவள் கையைத் தொட்டு நிறுத்திவிட்டான்.

"இதுல தப்பா நினைக்க என்ன இருக்கு?" என்றான். "மாமா நல்ல கோட்டு வச்சிருக்கார். என்னோடது இடுப்புல பிடிக்குது."

ட்ராவிஸ் அவனை மறுபடி கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான். பஸ் திரும்பிப் போகிற வரை டெல்மர் கையை ஆட்டிக்கொண்டே நின்றான். பிறகு என்னிடம் வந்தான்.

"அவன் வலது பக்கம் நில்லுங்க மச்சான். இடது தோள்ல அடிபட்டிருக்கு, அழுத்திப் பிடிச்சா வலிக்கும். அந்தப் பக்கம் நோரீன் மெதுவா பிடிச்சுக்குவா."

நீயே போ மாப்ள, தோற்றால் தோற்றுவிட்டுப் போகட்டும் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த அணியை நாங்கள் ஜெயித்ததே இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வேனில் ஏறினேன்.