வைது எழுதிய பாட்டு

நான் மன்னிக்கிற ரகம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வருடமாகப் பினாங்கில் ரெகே என்ற ஜமைக்கா பாட்டு பாடுகிறேன். அதில் முப்பது வருடத்துக்கு மேல் ஒருவனைக் கறுவிக்கொண்டேதான் பாடியிருக்கிறேன்.

ஆரம்பத்தில் பாயான் பாருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. சனி, ஞாயிறு மாலைகளில் கடற்கரை ஹோட்டலில் பாட்டு. அங்கே வரும் வெள்ளைக்காரர்களுக்கு ரெகே வேண்டும், எனக்கு மேடை வேண்டும். எங்கள் பேண்டில் இன்றுவரை அடிக்கும் டிரம்மர்தான் அந்தத் தாளத்தை எனக்குள் ஏற்றினார். அடி விழவேண்டிய இடத்தில் விழாது, அரைக் கணம் தள்ளி விழும். எங்கள் வீட்டில் அதற்கு விக்கல் பாட்டு என்று பெயர். "தண்ணி குடிச்சா நின்னுடும்லா" என்பாள் அம்மா.

நான் கறுவும் அவன், மூன்று வருடம் என்னை மோட்டார் சைக்கிளில் அந்த ஹோட்டலுக்கு ஏற்றிப் போனவன். கல்யாணப் பேச்சை அவன்தான் முதலில் எடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் அம்மாவை அங்கே அழைத்து வந்தான். என்னைக் காட்டத்தான் என்று நினைத்து, பாடி முடித்ததும் அவர்கள் மேசைக்குப் போனேன். அந்த அம்மாள் முட்டி தெரிந்த என் கவுனை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"யாருடா இது?"

"இங்க பாடுறவங்கம்மா" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லா பாடுனீங்க அக்கா" என்றான்.

அக்காவாம். முந்தின நாள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, நம் வீட்டுக்கு என்ன கலர் பெயிண்ட் அடிக்கலாம் என்று கேட்டிருந்தான். அவனைவிட நான் எட்டு மாதம் சின்னவள்.

அந்த வாரமே பாட்டு எழுதினேன். அதில் அவன் பெயர் மட்டும்தான் இல்லை. பின் பாக்கெட்டில் செருகிய சீப்பு, அம்மா இருமினாலே எழுந்து நிற்கும் கால், எல்லாம் உண்டு. ஒவ்வொரு அடியும் 'அக்கா, அக்கா' என்று முடியும். நாசமாய்ப் போ என்று நேராகச் சொல்லாத குறைதான். ஆனால் ரெகேயில் ஒப்பாரி வைத்தாலும் கேட்பவர் இடுப்பு ஆடும். கேசட்டாக வந்த பிறகு கல்யாணம், பிறந்தநாள், தொழிற்சாலை விருந்து என்று எங்கு போனாலும் அதைத்தான் கேட்டார்கள். என் சாபத்துக்குப் பிள்ளைகள் குதித்து ஆடின. ஆடட்டும், அவன் காதில் விழும்போதெல்லாம் முள்ளாகக் குத்தினால் போதும் என்று பாடினேன். இப்போது குரல் இரண்டு கட்டை இறங்கிவிட்டது. முட்டி தேய்ந்து, ஸ்டூலில் உட்கார்ந்து பாடும் நிலைக்கு வந்துவிட்டேன். அந்தப் பாட்டுக்கு மட்டும் எழுந்து நின்றுவிடுவேன்.

போன வருடம் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு மண்டபத்தில் மதியக் கல்யாண விருந்து. மணப்பெண்ணே என்னைத்தான் வேண்டும் என்று கேட்டாளாம். போய் இறங்கினால், வாசலில் பெண்ணின் அப்பாவாகக் கும்பிட்டு நிற்பவன் அவன். தலை நரைத்து, தொப்பை வைத்திருந்தான். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். இன்றைக்கு மைக் என் கையில், எங்கே ஓடுவாய் பார்க்கிறேன். பாட்டுக்கு முன்னால் அவன் பெயரைச் சொல்லி, அன்றைக்கு நடந்ததைச் சபையில் போட்டு உடைப்பது என்று முடிவு கட்டினேன்.

அதற்குள் மணப்பெண் மேடை ஓரத்துக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்டி, அக்கா பாட்டு மறந்துடாதீங்க. அது எங்கப்பாவப் பத்துன பாட்டுதானே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரும்மா சொன்னது?"

"அப்பாதான்லா. எங்க ஃபேமிலி ஃபுல்லா தெரியும். நீங்க அப்பா பின்னாடியே சுத்துனீங்களாம். பாவம், மனசு நோகக்கூடாதுன்னு அப்பா அக்கான்னு கூப்பிட்டு ஒதுங்கிட்டாராம். மாப்பிள்ள வீட்டுலகூட சொல்லி வச்சிருக்காரு, என்னை நெனச்சு ஒரு பாட்டே இருக்குன்னு."

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. நான் முள்ளென்று எறிந்ததை அந்தப் பாவி மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு இத்தனை வருடம் திரிந்திருக்கிறான். இனி அவன் பெயரைச் சொன்னால் அவனுக்கு நானே பரிவட்டம் கட்டியதாக ஆகும். சொல்லாமல் பாடினாலும் அதே கதைதான். முன்வரிசையில் சம்பந்திகளுக்கு நடுவில், வெட்கப்படுகிறவன் மாதிரி தலையைத் தாழ்த்திச் சிரித்துக்கொண்டு காத்திருந்தான்.

எழுந்து நின்று மைக்கைப் பிடித்தேன்.

"இது யாரப் பத்துன பாட்டுன்னு ரொம்ப வருஷமா கேக்குறீங்க. இன்னிக்குச் சொல்லிடுறேன்."

அவன் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"எங்க டிரம்மர் அண்ணன்தான்! என்னைவிட பத்து வயசு மூத்தவரு, நான் பேண்டுல சேந்த மொத நாளே என்னை அக்கான்னு கூப்பிட்டாரு. அந்தக் கடுப்புல எழுதுனது. வேற யாரையும் நெனச்சு இல்ல."

அன்றைக்கு ஹோட்டலில் டிரம்ஸுக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவர் அவர். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் எழுந்து, இரண்டு குச்சிகளையும் சேர்த்துப் பிடித்துச் சபையைக் கும்பிட்டார். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. சம்பந்தி குனிந்து அவனிடம் ஏதோ கேட்டார். அவன் கை மறுபடியும் காலருக்குப் போனது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் கெட்டதை மூன்று சரணமும் நின்றபடியே பார்த்தேன். மணப்பெண்ணின் முகம் வாடியபோது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான். நான் எழுதியதிலேயே உண்மையான பாட்டு அது. அதைப் பொய்யாக்கினால்தான் அவனிடமிருந்து பிடுங்க முடியும் என்றால், அப்படியே இருக்கட்டும்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது, வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னிடம் அவன் தனியாக வந்தான்.

"ஏன் அப்படிச் சொன்னே?" "அப்ப அந்த மூணு வருஷம்?"

"எந்த மூணு வருஷம்?" என்றேன்.

அவன் போகத் தெரியாமல் நின்றான். இன்னும் கொஞ்ச நேரம் அவன் அப்படியே நிற்கவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. சுருட்டிய வயரை உதறிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து சுருட்டினேன்.