நரம்பு வெளிவரும் துளை

பிசியோதெரபி என்றால் எண்ணெய் போட்டு உருவிவிடுவது என்று நினைத்து வருபவர்களிடமே என் தொழிலில் பாதி நேரம் போகிறது. ஆம்பூரில் பதினொரு வருஷமாக இடுப்பு வலிக்காரர்களைப் பார்க்கிறேன். படிக்கிற உங்களுக்கும் வலி இருந்தால், எழுந்து இரண்டு நடை நடந்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

ஓட்டை

பலராமன், தோல் பதனிடும் டேனரி ஒன்றில் ஈரத்தோல் தூக்குபவர். ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். முதுகெலும்பில் ஒவ்வொரு இரண்டு எலும்புக்கும் நடுவே, இரு பக்கமும் சின்னத் துளை உண்டு, காலுக்குப் போகும் நரம்பு அது வழியாகத்தான் வெளியே வருகிறது என்று பொம்மை எலும்பைக் காட்டிச் சொன்னேன். அவருக்கு வலது பக்கத் துளை சுருங்கி நரம்பை நெருக்கியதால் வலி கால்வரை இழுத்தது. துளை இருப்பது சரி, சுருங்குவதுதான் கோளாறு என்பது அவருக்கு ஒப்பவில்லை.

"தோல்ல ஓட்டை இருந்தா ரிஜெக்ட்டுன்னு தூக்கிப் போட்டுடுவோம் மேடம். எலும்புல இருந்தா மட்டும் நல்லதுன்றீங்களே."

ஸ்டூல்

செல்விக்கு ஷூ கம்பெனியில் செக்கிங். நாள் முழுக்க நின்று வேலை. ஒரு மணி நேரம் நின்றால் இடது கால் மரத்து எரியும். ஆனால் சைக்கிளில் நன்றாகவே வருவாள். "சைக்கிள் மிதிக்கிற கால் நிக்க மாட்டேங்குதா?" என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னும் கேட்டிருக்கிறார்.

சைக்கிளில் போல உட்கார்ந்து முன்னால் குனிந்தால் அந்தத் துளைகள் கொஞ்சம் விரியும், நிமிர்ந்து நின்றால் குறுகும் என்று சொன்னேன். அழுதுவிட்டாள். "இத்தினி நாளா எனக்கே சந்தேகம் மேடம், நடிக்கிறேனோன்னு."

கம்பெனிக்குக் கடிதம் தருகிறேன் என்றதும் பயந்தாள். நோய் என்று எழுதினால் நிறுத்திவிடுவார்கள், வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான். கடைசியில், உட்கார்ந்தால் இதே வேலையை முழு நேரமும் செய்வாள், ஸ்டூல் போதும் என்று மட்டும் எழுதினேன். பத்து நாள் அவள் சிகிச்சைக்கே வரவில்லை. காரியத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று இருந்தது. பிறகு வந்தாள்.

"ஸ்டூல் போட்டாங்க மேடம். ஆனா லைன்ல எல்லாருக்கும் கால் வலி. நான் தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள யாராச்சும் உக்காந்துடறாங்க."

யார் படம்

கணியம்பாடியிலிருந்து ஒரு விவசாயத் தம்பதி. மனைவிக்கு உட்கார்ந்தால் எழ முடியாத வலி. அந்த அம்மாவின் ஸ்கேனில் துளைகளெல்லாம் தாராளமாக இருந்தன. கணவர், தான் வண்டியிலிருந்து விழுந்தபோது எடுத்த ஸ்கேனையும் கொண்டுவந்திருந்தார். அதில் மூன்று இடத்தில் நெருக்கம், ஆனால் மனிதர் மூட்டை தூக்குகிறார். "பாருங்க, எனக்குத்தான் ஜாஸ்தி. இவளுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

துளை சுருங்கியும் வலிக்காதவர்கள் உண்டு, சுருங்காமலே தசையாலோ மூட்டாலோ வலிப்பவர்களும் உண்டு என்றேன். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"வலி எனக்கு வந்துச்சு, படம் அவருக்கு வந்துச்சும்மா."

இத்தனை பேருக்கும் கனம் தூக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போனதும் தண்ணீர் கேனை இரண்டாவது மாடிக்குத் தூக்கிப் போகிறவள் நான்தான்.