மனுவின் இரண்டாம் பத்தி

நான் எழுதியவற்றில் ஊரார் முழுதாக நம்பியது ஒன்றே ஒன்றுதான்: கலெக்டருக்கு எழுதிய ஒரு மனு. அதன் இரண்டாம் பத்தி முழுப் பொய். பொய் எழுதியதைக்கூட வெளியே சொல்லிவிடலாம். சொல்லக் கூசுவது அடுத்தது. அந்தப் பொய்க்கு நானே பயந்து, நாற்பத்தாறு வயதில், பட்டப்பகலில், ஒரு காலி மனையில் குப்புறப் படுத்து மண்ணில் காதை வைத்துக் கேட்டேன். எறும்பு கடித்தது. அப்போதும் எழுந்திருக்கவில்லை.

எங்கள் தெரு, அரியலூரில் கல்லங்குறிச்சிச் சாலையிலிருந்து பிரிகிற முட்டுச்சந்து. இருபத்திரண்டு வீடுகள். முட்டுகிற இடத்தில் கடைசி வீட்டு அக்கா தனியாக இருந்தார். அவர் வீட்டை ஒட்டிய கருவேலங்காடும் அவருடையதுதான். இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம் அந்தக் காட்டுக்கு முன்னால் ஒரு பலகை முளைத்தது. நாலு மாடி, மூன்று கட்டடம், தொண்ணூற்றாறு வீடுகள். கட்டப்போகிறவர் திருச்சிக்காரர். படத்தில் கட்டடத்தைச் சுற்றி எங்கள் ஊர் மண் கேள்விப்பட்டேயிராத பூமரங்கள் நின்றன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்காரரின் மொட்டைமாடியில் கூட்டம். அவர் ரயில்வேயில் இருந்து ரிட்டயரானவர். கூட்டம் என்றால் கொடி அசைக்காமல் பேச வராது. அன்று கையில் துண்டு இருந்தது.

“தொண்ணூத்தாறு வூடு. வூட்டுக்கு நாலு பேருன்னு வைங்க. அத்தினி பேரும் காலைல ஆறு மணிக்குக் கக்கூஸ் போனா அது எங்க வந்து நிக்கும்?”

“உங்க வாசல்லதாங்க,” என்றாள் என் மனைவி. “நீங்கதானே பள்ளத்துல இருக்கீங்க.”

கவலைகள் எல்லாமே நியாயமானவை. சித்திரை பிறந்தால் எங்கள் கிணற்றில் வாளி தரையை உரசும். இருக்கிற ஊற்றில் தொண்ணூற்றாறு வீடு மோட்டார் போட்டால் என்ன மிஞ்சும்? மாடியிலிருந்து பார்த்தால் அத்தனை கொல்லையும் தெரியும். பெண்கள் எங்கே நின்று தலை துவட்டுவது? எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று யார் வீட்டுக்குள்ளாவது போயாக வேண்டிய அகலம்தான் தெரு. இதையெல்லாம் மனுவாக எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காரணம், நான் அரசாங்க ஆபீஸில் எழுத்தர், ‘மேற்படி’ என்ற சொல்லைப் பயமில்லாமல் பயன்படுத்துகிறவன்.

எழுதிப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. நீர்மட்டம் குறையும் என்று வருகிற மனுக்கள் எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும், சேர்க்கிறவனே நான்தான். ஆகவே இரண்டாம் பத்தியாக இதைச் சேர்த்தேன்: “மேற்படி நிலத்தின் அடியில் முற்காலத்தில் சுண்ணாம்புக்கல் எடுத்துக் கைவிடப்பட்ட குடைவு ஒன்று இருப்பதாகவும், அதில் இறங்கிய சிலர் திரும்பவில்லை எனவும் இப்பகுதிப் பெரியோர் கூறக் கேட்டிருக்கிறோம்.” எந்தப் பெரியவரும் எதையும் கூறவில்லை. திரும்பாத அந்தச் சிலரை, வாக்கியம் மொட்டையாக நின்றதே என்பதற்காகத்தான் உள்ளே அனுப்பினேன்.

இந்தப் பொய் வேறு ஊரில் எடுபட்டிருக்காது. எங்கள் ஊரைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல். ரெட்டிபாளையம் பக்கம் மதியம் ஒரு மணிக்குப் பாறைக்கு வெடி வைத்தால் எங்கள் அலமாரிப் பாத்திரங்கள் சிலிர்க்கும். யாரும் தலைநிமிர மாட்டோம், கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வோம். அஸ்திவாரம் தோண்டினால் கல்லான சிப்பி வரும். ஊருக்குக் கீழே ஒரு காலத்தில் கடல் இருந்ததை ஒப்புக்கொண்டவர்களுக்கு ஒரு குடைவு எம்மாத்திரம்?

கையெழுத்துக்காக மனுவை ரயில்வேக்காரரிடம் முதலில் நீட்டினேன். இரண்டாம் பத்தியில் அவர் கண் நின்றது.

“அட, இத நானே மறந்துட்டேன் சார். எங்க மாமா சொல்லிருக்காரு. ஏழு பேரு.”

நான் ‘சிலர்’ என்றுதான் எழுதியிருந்தேன். திருத்தவில்லை. புதன்கிழமைக்குள் ஏழு பேரும் தெருவுக்கு நன்கு தெரிந்தவர்களாகிவிட்டார்கள். ஒருவனுக்குப் புதுசாகக் கல்யாணம் ஆகியிருந்ததாம். பால் ஊற்றுகிற அம்மா என் மனைவியிடம், “அவனுக்குச் சோறு கொண்டாந்த பொண்டாட்டியும் தேடிக்கிட்டு உள்ள போனாளே, அவள யாரும் கணக்குல சேக்கறதில்ல பாருங்க,” என்று குறைப்பட்டுக்கொண்டார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நான் சமையலறைக்குள் போய்த் தண்ணீர் குடித்தேன்.

எங்கள் ஊரைத் தனி மாவட்டமாக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு பெரம்பலூரோடேயே சேர்த்திருந்த சமயம் அது. குறை இருந்தால் திங்கட்கிழமை பஸ் ஏற வேண்டும். பெரம்பலூரில் மனுவை வாங்கிய அலுவலர் இரண்டாம் பத்தியைப் படித்துவிட்டு, “நெஜமாவா சார்?” என்று கேட்டார்.

“பெரியவங்க சொல்றாங்க,” என்றேன். அன்றைக்கு அது பொய்யில்லை. சொல்லத்தான் செய்தார்கள்.

திரும்பி வந்தபோது கடைசி வீட்டு அக்கா என் வீட்டு வாசலில் காத்திருந்தார். மனுவில் கையெழுத்துப் போடாதவர் அவர் ஒருவர்தான்.

“தம்பி, ரெண்டு வூடு தரேன்னிருக்காரு திருச்சிக்காரரு. கீழ ஒண்ணு, அதுக்கு நேர் மேல ஒண்ணு. எங்க பெரியவனும் சின்னவனும் அவங்கப்பா கருமாதியோட பேச்ச வுட்டவங்க. ஒருத்தன் ஆலையில கெடக்கான், ஒருத்தன் துபாய்ல கெடக்கான். ஒரே படிக்கட்டுன்னா, எதுர எதுர வரப்ப ‘வழி வுடு’ன்னாவது சொல்லித்தானே ஆவணும்?”

நான் பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

“கீழ குழி இருக்குன்னு எழுதிருக்கீங்களாமே. நீங்க பாத்தீங்களா?”

“சொல்றாங்கக்கா.”

“யாரு?”

நான் தெருவைக் கைகாட்டினேன். தெருவில் அப்போது ஒரு நாய்தான் இருந்தது. அக்கா அதைச் சற்றுநேரம் பார்த்துவிட்டுப் போனார்.

வந்த ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அலமாரியில் பாத்திரங்கள் சிலிர்த்தன. பாறைக்குக் காலையில் வெடி வைப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை எந்நேரமும் வைப்பதில்லை. மனைவி கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

“எலியா இருக்கும்,” என்றேன்.

“எல்லாத் தட்டுலயும் ஒரே நேரத்துலயா?” என்றாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு கருவேலங்காட்டுக்குப் போனேன். அதன் பைக்குள் மனுவின் ஜெராக்ஸ் மடித்தபடி கிடந்தது. காட்டின் நடுவில் திருச்சிக்காரர் போட்டிருந்த போர்வெல் குழி. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து நீரோட்டம் பார்த்த ஆள், தேங்காய் எழுந்து நின்ற இடம் என்று காட்டிய இடம். தோண்டியபோது தண்ணீர் வரவில்லை, வெள்ளைத் தூள்தான் வந்தது. முழங்கால் உயரத்துக்குக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. வாயில் ஒரு கல்பலகையைப் போட்டு மூடியிருந்தார்கள்.

பலகை இடுக்கிலிருந்து மெல்லிய சீழ்க்கைச் சத்தம். நகர்த்தினேன். காற்று குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. வெளியே ஓர் இலை அசையவில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்று ஜெராக்ஸைக் குழாயருகே பிடித்தேன். விரலிலிருந்து பிடுங்கியதுபோலத் தாள் போய் வாயில் ஒட்டிக்கொண்டது. நடுவில் குழிந்தது. கீழே யாரோ உதடு வைத்து உறிஞ்சுவதுபோல மெதுவாகச் சுருங்கி, உள்ளே போய்விட்டது.

அப்போதுதான் படுத்துக் காதை வைத்தேன். ஆளில்லாத கல்யாண மண்டபத்தின் கதவைத் திறந்தால் உள்ளேயிருந்து ஒன்று வந்து காதை அடைக்குமே, அது கேட்டது. பிறகு டொக்கென்று ஒரு தட்டல். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. எண்ணினேன். ஏழு வந்து நின்றது. எட்டாவதாக ஒன்று, சோற்றுப் பாத்திரத்தோடு போனவளுடையது, வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் எழுந்தேன்.

எதிரே ரயில்வேக்காரர் நின்றார்.

“என்ன சார் தேடுறீங்க?”

“வண்டிச் சாவி.”

“காதாலயா?” என்றார். சிரிக்கவில்லை. அவரும் அதற்குத்தான் வந்திருந்தார் என்று எனக்குப் பட்டது.

அன்று மாலை நாலு மணிக்கு மறுபடி போனேன். இப்போது குழாய் வெளியே ஊதிக்கொண்டிருந்தது. குளிர்ந்த, ஈரச் சுண்ணாம்பு வாசனை அடிக்கும் காற்று. பக்கத்துக் கருவேல முள்ளில் என் மனு குத்திக்கொண்டு தொங்கியது. சில்லென்று, வெள்ளைப்பொடி படிந்து. பெரம்பலூரில் கொடுத்ததற்கு ஒரு வரி பதில் இல்லை. இங்கே எட்டு மணி நேரத்தில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஏதாவது எழுதியிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்தேன். பூமிக்கடியில் பெரிய வெற்றிடம் இருந்தால், காலையில் காற்றழுத்தம் கூடும்போது துளை உள்ளே இழுக்குமாம், பிற்பகலில் குறையும்போது வெளியே விடுமாம். சரிதான். ஆனால் பெரிய வெற்றிடம் இருந்தால் என்று அது ஆரம்பித்ததே, அந்த இடத்தை மூன்று தடவை படித்தேன். நான் கற்பித்துச் சொன்ன குடைவு எனக்கு முன்பே அங்கே இருந்திருக்கிறது. ஏழு தட்டல் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை.

சில நாள் கழித்துப் போர்வெல்காரர் உதவியாளோடு வந்தார். ஆழம் பார்க்கக் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினார். தெருவே சுற்றி நின்றது. மதியம், உச்சி வெயில், யாருடைய நிழலும் காலைவிட்டு நகராத நேரம். கயிறு போய்க்கொண்டே இருந்தது.

“நாங்க போட்டது எரநூறு அடிங்க,” என்றார் போர்வெல்காரர். கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். “இது எரநூத்தி அம்பது அடிக் கயிறு.”

கயிறு தீர்ந்துவிட்டிருந்தது. கல் எதிலும் இடிக்கவில்லை. இழுத்தபோது பாதிக்கு மேல் கயிறு பால் போல வெளுத்து வந்தது. பால்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டார். கடைசி வீட்டு அக்கா மட்டும் குழாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதமே காட்டுக்கு முன்னாலிருந்த விளம்பரப் பலகையைப் பிடுங்கினார்கள். திருச்சிக்காரர் பிறகு வரவில்லை. ரயில்வேக்காரர் மொட்டைமாடியில் கேசரி கொடுத்து, “சார் எழுதுன அந்த ரெண்டாவது பாரா இருக்கே, அதான் ஆள வெரட்டுச்சு,” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கேசரியைப் பார்த்தேன். தெருவின் கிணறு தப்பித்தது. அக்காவின் படிக்கட்டு போய்விட்டது. அதற்குப் பிறகு அக்கா வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. என் பேனா ஒரு தாயின் இரண்டு பிள்ளைகளையும் சேரவிடாமல் செய்துவிட்டது என்ற எண்ணம், ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தாலும், உள்ளுக்குள் ஓரளவு பெருமையாகவும் இருந்ததை மறைக்கப்போவதில்லை.

இரண்டு வருடம் கழித்து எங்கள் ஊர் மறுபடி தனி மாவட்டமானபோது, இனிமேல் மனு கொடுக்கப் பெரம்பலூர் போக வேண்டாம் என்று தெருவில் பேச்சு வந்தது. அன்று மத்தியானம் துணிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் காட்டில் நின்றுகொண்டிருந்தார். அந்தக் குழாய் வாயில் ஒரு முளைக்கீரைக் கட்டு வைத்திருந்தது. கீரை தலையசைத்துக்கொண்டிருந்தது.

“சில்லுனு காத்து வருது, வாடாம இருக்கும்,” என்றார் அக்கா.

குழாயருகே நின்றபடியே சொன்னேன். இரண்டாம் பத்தி பொய், யாரும் எனக்குச் சொல்லவில்லை, உங்கள் கட்டடத்தை நிறுத்தியது நான்தான், மன்னித்துவிடுங்கள்.

அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“அதுனாலயா நின்னுச்சு? கயிறு வுட்டதுக்கு மறுநாளுகூட வந்து உக்காந்தாரே திருச்சிக்காரரு. ‘குழின்னா கான்கிரீட்ட ஊத்தி மூடிட்டுக் கட்டுவோம்’னாரு. எம் பெரியவன்தான், ‘அவன் என் தலைக்கு மேல நடக்கறதா?’ன்னு பத்திரத்துல கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டான். சரி, மேல கீழ மாத்திக்கன்னா, சின்னவன் போன்ல அதையே சொல்றான். நாலு தடவ வந்துட்டு அந்த மனுசன் கும்பிடு போட்டுட்டுப் போயிட்டாரு.”

“அப்ப என் மனு?”

அக்கா குனிந்து கீரைக் கட்டைத் திருப்பி வைத்தார்.

“அத நான் படிக்கலயே தம்பி. அப்ப கண்ணாடி ஒடஞ்சு கெடந்துச்சு.”