கோட்டுக்குப் பின்னால் ஓர் ஆண்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு நடந்தது இது. ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில்.

நான் நூலகத்தில் பட்டியல் போடுகிறவள். புதுப் புத்தகம் வந்தால் முதலில் மற்ற நூலகங்களின் கணினிகளில் தேடுவேன். எங்காவது அதன் பதிவு இருந்தால் அப்படியே இழுத்து எங்கள் பட்டியலில் சேர்த்துவிடலாம். பாதி வேலை மிச்சம்.

அன்று என் கையில் இருந்தது அப்பாவின் புத்தகம். ரேடியோ பழுதுபார்ப்பது பற்றியது. முந்தைய நாள்தான் அச்சாகி வந்தது, வேறு எந்த நூலகத்திலும் இருக்க வழியே இல்லை. பழக்க தோஷம், தேடினேன்.

மணி 3.04. ஒரு பதிவு வந்தது.

அப்பா பெயர். பிறந்த ஆண்டு. ஒரு சின்னக் கோடு. கோட்டுக்குப் பின்னால் இந்த ஆண்டு.

எழுதியவர் இறந்தால்தான் அங்கே ஆண்டு போடுவோம்.

எங்கள் நூலகக் கணினிக்காரர் மேல்தான் சந்தேகம். மனிதர் குசும்புக்குப் பேர்போனவர்.

"இது உங்க வேலைதானே?"

"எனக்கு வேற பொழப்பு இல்லையா?" என்று திரையை எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "நாம ஒன்பது நூலகத்துலதான் தேடுறோம். இது பத்தாவதுலேர்ந்து வந்திருக்கு."

அவர் முகத்தையே உற்றுப் பார்த்தேன். அப்போதும் நம்பவில்லை.

3.11. வீட்டுக்கு போன் போட்டேன்.

"என்னம்மா, இந்த நேரத்துல?" அப்பாதான். கூடவே இருமல். காலையில் அந்த இருமல் இல்லை...

பதிவை எங்கள் பட்டியலுக்கு இழுத்து, ஆண்டை அழித்தேன். திரும்ப வந்தது.

அழித்தேன். வந்தது.

3.19. டக் என்று ஒரு சத்தம். திரையில் கேள்வி.

"இறந்தவர் வேறு நபரா?"

ஆம் என்று அழுத்தினேன்.

"அப்படியானால் யார்?"

கீழே ஒரே ஒரு பெயர். அப்பாவின் அதே பெயர், அதே பிறந்த ஆண்டு. தையல் பற்றிப் புத்தகம் எழுதியவர். அவருக்குக் கோடு மட்டும், பின்னால் ஆண்டு இல்லை...

யாரோ ஒருவர்தானே என்று நினைத்தேன்.

அழுத்தினேன். 3.20.

அப்பாவின் பதிவில் ஆண்டு மறைந்தது. மாலை வீட்டில் அவர் இருமவே இல்லை. கணினிக்காரர் எவ்வளவு துருவியும் அந்தப் பத்தாவது நூலகம் எது என்று தெரியவில்லை.

அடுத்த வாரம், மனசு கேட்காமல், எங்கள் அலமாரியில் தேடி எடுத்த தையல் புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த எண்ணை அழைத்தேன். அவருடைய மகள் எடுத்தாள்.

"அப்பா தவறிட்டாருங்க. போன செவ்வாக்கிழமை, மூணு இருபதுக்கு. ஒரு நோய்நொடி இல்ல. துணி வெட்டிக்கிட்டே இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு."



"நீங்க யாருங்க?" என்று கேட்டாள்.

போனை வைத்துவிட்டேன்.