பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்தேன்

இன்று காலை என் சிநேகிதி மலரோடு கண்டிக்குப் போனேன். அவளுடைய விவாகரத்து வழக்குக்குத் தவணை நாள்.

வலிப்பு வருகிறவளோடு குடும்பம் நடத்த முடியாது என்று புருஷன் போய்விட்டான். வேலை செய்யும்போது விழுந்ததால் கார்மென்ட் வேலையும் போய்விட்டது. வீட்டில் அடுப்பெரிவதே கஷ்டம். துணைக்கு என்னை விட்டால் ஆளில்லை.

ஆனால் ஹுன்னஸ்கிரியவில் பஸ் ஏறியதும் அவளை முன்னால் உட்கார வைத்துவிட்டு நான் பின் சீட்டுக்குப் போய்விட்டேன். என் வீட்டுக்காரர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. துக்கக்காரி பக்கத்தில் இருந்தால் அவள் காரியம் கெட்டுவிடுமோ என்று பயம்.

பாதி வழியில் முன்னால் சத்தம். மலர் சீட்டிலிருந்து விழுந்து கிடந்தாள், கைகால் இழுத்துக்கொண்டிருந்தது. யாரோ அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள்.

ஒரு அம்மா கத்தினார். “இந்தப் புள்ளகூட யாரும் வரலியா?”

“நான்தாங்க.”

“கூட வந்தவ பின்னுக்கு ஒக்காந்து என்னா பண்ணுன?”

மலரைப் பக்கவாட்டில் சரித்து, தலையை மடியில் தாங்கிக்கொண்டேன். புருவம் கிழிந்து இரத்தம் வந்தது.

அவள் தெளிந்த பிறகு, தள்ளி உட்கார்ந்த காரணத்தைச் சொன்னேன்.

கோர்ட்டுக்குப் போனால் நீதிபதி லீவாம். அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.

“இதுக்கும் ஒன் மொகந்தான் காரணம்னு அழுவாதடி” என்றாள் மலர்.

அடுத்த தவணைக்கு அவள் பக்கத்தில்தான் உட்காருவேன். கூடாது என்பவர்கள் கீழே கமெண்டில் எழுதுங்கள். அவள் விழும்போது பிடிக்கவும் நீங்களே வாருங்கள்.